பெயரையாவது பதிவு செய்வோம்



இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போடவைத்த சயாம்-பர்மா ரயில்பாதையில் (1942-43) மாண்ட தமிழ்த் தொழிலாளரின் புதைகுழிகளை 80 ஆண்டு கழித்து எப்படித் தேடுவது என்ற கேள்வி நியாயமானதே. காலராவில் செத்தவர்களை அந்த 415 கிலோமீட்டர் நெடுகிலும் கும்பலாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். எது யாருடைய எலும்பு என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால், தாய்லாந்தின் காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் இருக்கின்றன. முகாம்களில் அவர்களுடைய அதிகாரிகள் இறப்புப் பட்டியலை மறைத்துவைத்துக் காத்ததே அதற்கு முக்கியக் காரணம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவருக்குப் பட்டியல் எழுத ஆளில்லை. கல்லறை இல்லாவிட்டால் பெயரும் இல்லை என்றாகிவிடுமா? குழி தெரியாத 24,000-க்கும் மேற்பட்ட படையினரின் பெயர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவரில் பொறித்திருக்கிறார்களே!

அந்தக் கைதிகள் படையினர், நம்மவர் கூலிகள் என்பது பதிலாகாது. போட்டது ஒரே பாதை. கோவை, சேலம் மாவட்டங்களிலிருந்தும் மலாயாவுக்கு ஆள் போனதுண்டு. எனவே எங்கள் அன்னூர் வட்டாரக் கிராமசபைகள், போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வீடுவீடாகக் கேட்டுப் பதிய வேண்டும். வாய்ச்சொல் பிசகும் என்பார்கள். பழைய கடிதங்கள், நிலப் பத்திரங்களோடு ஒத்துப்பார்க்கலாம். கேட்டறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

- வாசகர், அன்னூர்