பழைய கிடாருக்குப் பிறப்புச் சான்றிதழ் எது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன மாதம் சில படங்களை அனுப்பினார். "ஐயா, 1963-ஆம் வருட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். வாங்கட்டுமா?" எலெக்ட்ரிக் கிடார் மேல் எனக்குள்ள பைத்தியம் அவருக்குத் தெரியும். விலையோ அவருடைய பல மாதச் சம்பளம். என்ன ஆதாரம் என்று கேட்டேன். பின்பக்கத் தகட்டில் 'எல்' என்று தொடங்கும் எண் இருக்கிறது என்றார்.

எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுவோம். பிறந்த தேதியை நாங்களே உத்தேசமாகப் போட்டுவிடுவோம். பிறகு ஆயுள் முழுக்க அதுதான் பிறந்த நாள்! பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

அந்தத் தகடும் அப்படித்தான். 'எல்' எண்கள் 1962 கடைசியிலிருந்து 1965 வரை வந்தவை என்பது சரி. ஆனால் அந்தத் தகட்டைப் பிடித்திருப்பவை நான்கே திருகுகள். ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். கிப்ஸன் கிடாரில் எண்ணை மரத்திலேயே அச்சடித்தார்கள். ஆனால் 1960-களில் அதே எண்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். எண்ணை மட்டும் பார்த்து வருடம் சொல்ல முடியாது.

பின் எதைப் பார்ப்பது? ஒரே சாட்சியை நம்பாமல் நான்கு சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

ஒன்று, கழுத்தின் அடிப்பாகம். ஃபெண்டரில் கழுத்தைக் கழற்றினால் தேதி தெரியும். 1962-க்குப் பிறகு '2 மார்ச் 63 பி' என்பது போல ஆங்கிலத்தில் முத்திரை இருக்கும். அந்த 2 தேதி அல்ல, ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான குறியீடு. 'பி' கழுத்தின் அகலம்.

இரண்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர். 1376633 என்றிருந்தால், 137 செய்த கம்பெனி, 66 வருடம், 33 வாரம். அது அசல் பாகமாக இருந்தால், கிடார் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது.

மூன்று, சால்டரிங். ஒருமுறை உருக்கி மறுபடி வைத்த சால்டர் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நான்கு, பூச்சு. புற ஊதா விளக்கில் பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் ஒருவிதமாக ஒளிரும். பிற்பாடு பூசிய இடமும், உடைந்து ஒட்டிய தலைப்பாகமும் தனியாகத் தெரியும்.

மாணவர் கிடாரைத் திறந்து காட்டச் சொன்னார். "பிரித்தால் மதிப்பு போய்விடும்" என்றார் விற்பவர். தெரிந்தவர் கையால் நான்கு திருகைக் கழற்றுவதால் எந்த மதிப்பும் போகாது. திறக்க மறுப்பதில்தான் போகிறது. கடைசியில் திறந்தார். கழுத்து 63. பொட்டென்ஷியோமீட்டர் 66, சால்டரும் புதிது.

இது போலி என்று நான் சொல்லவில்லை. அறுபது வயதுக் கருவியில் ரிப்பேர் பார்ப்பது இயற்கை. டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கழுத்து, பிக்கப் என்று எத்தனையோ மாற்றியிருக்கிறார்கள். 2019-இல் நியூயார்க் ஏலத்தில் அது ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்குப் போனது. அது வாசித்த கைக்குக் கிடைத்த விலை. மாற்றியதை யாரும் மறைக்கவும் இல்லை.

என் கருத்து இதுதான். தவறு மாற்றுவதில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது. ஆனால் சந்தை, அசல் திருகுக்கும் அசல் பூச்சுக்கும் தலைகால் தெரியாமல் விலை வைக்கிறது. நேர்மையாகச் சொல்பவன் நஷ்டப்படுகிறான், மறைப்பவன் சம்பாதிக்கிறான். 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி சிபிஎஸ் கைக்குப் போனதும் தரம் ஒரே நாளில் செத்துவிட்டது போலப் பேசுவதும் இந்த மயக்கம்தான். பழைய பாகங்களும் பழைய தொழிலாளர்களும் அடுத்த நாளும் அங்கேதான் இருந்தார்கள்.

வாசிக்க வாங்குகிறவர்கள், பூச்சு மாற்றிய, ஃப்ரெட் மாற்றிய நல்ல கிடாரை அதற்குரிய குறைந்த விலையில் வாங்குங்கள். சேர்த்துவைக்க வாங்குகிறவர்கள், எது அசல், எது மாற்றியது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இன்னொன்று: அந்தக் காலத்து விரல்பலகைகள் பலவற்றில் பிரேசில் ரோஸ்வுட் உண்டு. 1992 முதல் அந்த மரத்துக்கு சர்வதேசக் கட்டுப்பாடு இருப்பதால், அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்டிக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மாணவர் என்ன செய்தார்? "பாகங்கள் மாற்றியது என்று ரசீதில் எழுதி, விலையைக் குறையுங்கள்" என்று கேட்டார். விற்பவர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டார். வருத்தமாகப் பேசினார். "கிடார் இன்னொன்று கிடைக்கும் தம்பி" என்றேன்.