பெருமை போதும், வாய்க்கால் வேண்டும்

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 சனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார். நம் சங்கக் கூட்டங்களில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டியவன்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். எழுத்தைப் படிக்கத்தானே பரிசு வேண்டும்? அங்கே ஓடிய சாக்கடையைப் படிக்கக் கண் போதாதா?

சிந்து நதி திபெத்தில் பிறந்து அரபிக் கடலில் விழுகிறது. அது கொண்டுவந்த வண்டலில் கோதுமை, பார்லி, பருத்தி விளைந்தன. அந்த விளைச்சலின் மேல் எழுந்தவை ராவி ஆற்றோர ஹரப்பாவும் சிந்து மாகாணத்து மொகஞ்சதாரோவும். இரண்டும் இன்று பாகிஸ்தானில் உள்ளன. நம் பக்கத்தில் ஹரியானாவின் ராகிகர்ஹி, ராஜஸ்தானின் காளிபங்கன், குஜராத்தின் லோத்தல், தோலாவிரா. கி.மு. 2600 முதல் 1900 வரை இது செழித்த காலம். இத்தனை பரந்த நிலத்திலும் செங்கல்லுக்கு ஒரே கணக்கு: கனம் 1, அகலம் 2, நீளம் 4.

எகிப்தில் அரசனுக்குப் பிரமிடு எழுந்தது. மொகஞ்சதாரோவிலோ இதுதான் அரண்மனை என்று உறுதியாகக் காட்ட ஒரு கட்டடம் இல்லை. 700 கிணறுகள் இருந்திருக்கும் என்று ஆய்வாளர் கணக்கிடுகிறார்கள். வீட்டுக்குள் குளிக்கும் மேடை. கழிவுநீர் தெரு வாய்க்காலுக்கு ஓட வழி. வாய்க்காலுக்குச் செங்கல் மூடி. கசடு தங்கக் குழி. மழை குறைந்த கட்ச் பகுதியில் தோலாவிரா மக்கள் ஓடைகளைத் தடுத்து, நகரைச் சுற்றிப் பெரிய நீர்த்தேக்கங்கள் வெட்டினார்கள்.

அங்கே பேசிய மொழி திராவிட மொழியே என்று இதே பம்பாயில் பேராசிரியராக இருந்த ஹீராஸ் பாதிரியார் வாதிட்டார். அஸ்கோ பர்போலாவும் ஐராவதம் மகாதேவனும் அந்த வழியில் உழைத்தார்கள். மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளை வரிசைப்படுத்தினார். பலூசிஸ்தானில் பிராகூயி என்ற திராவிட மொழி இன்றும் பேசப்படுகிறது. வாதம் வலுவானதுதான். ஆயினும் எல்லோரும் ஒப்பும்படி அந்த எழுத்தை இதுவரை யாரும் படிக்கவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும்.

அதுவரை நாம் என்ன செய்வது? பாட்டன் சொத்து என்று முழங்கிவிட்டு, திறந்த சாக்கடையைத் தாண்டிக் குடிசைக்குத் திரும்புவதா? விடியுமுன்பே பொதுக் கழிப்பறை வாசலில் நம் பெண்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பதா?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மொகஞ்சதாரோவின் கசட்டுக் குழியை அள்ளியவர் யார், அவருக்கு என்ன கூலி என்பதை எந்த முத்திரையும் நமக்குச் சொல்லவில்லை. இன்று அள்ளுபவர் யார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். மனிதன் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம் வந்தன. அதன் பிறகும் சாக்கடைக் குழிகளில் உயிர்கள் போகின்றன. பழம்பெருமை பேசும் நாம் இதற்காக எத்தனை கூட்டம் போட்டோம்?

அன்பர்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சிந்துவெளி யாருடையது என்று கேட்காதீர்கள். மூடிய வாய்க்கால் எப்போது, வீட்டுக்கொரு குழாய் எப்போது, குழிக்குள் ஆள் இறங்காமல் இயந்திரம் இறங்குவது எப்போது என்று கேளுங்கள். அந்த நாகரிகத்துக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அப்படிக் கேட்பவருக்கே உண்டு.