கடுகடுக்காத முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயின், முகக்குறிப்பை உணர்வதே பெரும்பாடாகும் பிள்ளைகளும் நம்மிடையே உள்ளனர். மதி இறுக்கம் எனத் தமிழில் வழங்கும் ஆட்டிசம் உடையோருள் பலர் அத்தகையோர். கண், புருவம், குரல் என நொடிக்கு நொடி மாறும் மனித முகம் அவர்களுக்குத் திகைப்பூட்டுகிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் அயலில் வாழும் நாம், எந்திரத்தை உழைக்கும் கருவியாகவே அறிவோம். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தார் 2005ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய 'காஸ்பர்' என்னும் எந்திரச் சிறுவனோ, இப்பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழன். மெல்லத் தடவினால் மகிழ்வான். ஓங்கி அடித்தால் வலிக்கிறது என்பான். எத்தனை முறையாயினும் சலியாது அதனையே செய்வான். மனிதரை ஏறக்குறைய ஒத்து, முழுதும் ஒவ்வாத எந்திர உருவம் அச்சமூட்டும் என்று ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். காஸ்பரின் முகமோ வேண்டுமென்றே எளிமையாக்கப்பட்டது.

பெற்றோர் உள்ளம் இதில் இருபாற்படுகிறது. எவரையும் நோக்காத பிள்ளை எந்திரத்தின் கண்ணை நோக்கக் கண்டு மகிழ்வோர் உளர். அதனோடே ஒன்றி மனிதரை மறந்துவிடுமோ என அஞ்சுவோரும் உளர். தம்மை உணர்ச்சியற்ற எந்திரம் என இகழ்ந்த உலகம், தம்மோடு பழகும் பொறுப்பையும் எந்திரத்திடமே ஒப்படைப்பதா என வருந்தும் ஆட்டிசம் உடையோரும் உளர். அவ்வருத்தம் நியாயமானதே. காஸ்பரிடம் முதலில் பாடம் கற்க வேண்டியவர்கள் நாமே என்பது நம் கருத்து.

திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயம் 'அபஸ'. குறைஷித் தலைவர்களோடு உரையாடிய வேளையில், பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து வினவியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முகம் கடுகடுத்தமை குறித்து இறைவன் அறிவுறுத்திய அத்தியாயம் அது. காண இயலாதவர் முன் தோன்றிய சுளிப்பிற்கே இறைவன் அறிவுரை அருளினான் எனின், திருமண வீட்டிலும் பள்ளிவாசலிலும் செவி பொத்தி அலறும் பிள்ளையைக் கண்டு நாம் சுளிக்கும் முகத்திற்கு யாது விடை கூறுவோம்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. சட்டம் உரிமையைத் தரும். இன்முகத்தை நாமே தரவேண்டும். பார்வையற்றோர்க்கு அரசுப் பள்ளி அமைந்த பூவிருந்தவல்லியிலும், ஆவடியிலும், அம்பத்தூரிலும் உள்ள ஜமாஅத்துகள் இப்பிள்ளைகளுக்கென அமைதியான ஓர் அறையை ஒதுக்கட்டும். மாணவர்கள் அண்டை வீட்டுப் பிள்ளையோடு நாளும் சிறிது நேரம் பொறுமையாய் அமரட்டும். அத்தாயின் தலைகுனிவு நீங்க, முதலில் நம் முகம் மலரட்டும்.