சிப் நம்ம மண்டையில, சாவி யார் பாக்கெட்டுல?

நியூராலிங்க்னு பேச்சு எடுத்தாலே நம்ம டிபார்ட்மென்ட்ல ரெண்டு கோஷ்டி உருவாயிடும். "செம டெக்னாலஜி மச்சி, இன்னும் பத்து வருஷத்துல எல்லாரும் வச்சுப்போம்"னு ஒரு கோஷ்டி. "மண்டைக்குள்ள சிப் வச்சா ஹேக் பண்ணிடுவாங்கடா"ன்னு இன்னொரு கோஷ்டி. முதல் கோஷ்டி ரெண்டாவது கோஷ்டியைப் பார்த்து சிரிக்கும். கம்ப்யூட்டர் வந்தப்பவும் இப்படித்தான் பயந்தாங்க, சயின்ஸ் தெரியாதவங்க எப்பவும் இப்படித்தான்னு ஒரு லெக்சரும் கொடுக்கும்.

எனக்கு இந்த சிரிப்பு பிடிக்கல. இந்தப் பயம் சயின்ஸ் தெரியாததால வர்றதுன்னு நான் நினைக்கல. வார்த்தை வேணா தப்பா இருக்கலாம், ஆனா கேள்வி சரியான கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது என்ஜினியருங்க, அதாவது நாளைக்கு நாம.

முதல்ல அந்த சிப் என்ன செய்யுதுன்னு பார்த்துடலாம். நம்ம கையை அசைக்கணும்னு நினைக்கும்போது மூளையோட மோட்டார் கார்டெக்ஸ்ல இருக்கிற நியூரான்கள் சின்னச் சின்ன மின் துடிப்புகளை உண்டாக்கும். தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு அந்தத் துடிப்பு மூளையில கிளம்பும், ஆனா கை வரைக்கும் போய்ச் சேராது. நியூராலிங்க் சிப்ல முடியை விட மெல்லிசா 64 இழைகள், அதுல மொத்தம் 1,024 எலக்ட்ரோடுகள். ஒரு ரோபோ தையல் மெஷின் மாதிரி அந்த இழைகளை மூளைக்குள்ள இறக்கும். எலக்ட்ரோடுகள் பிடிக்கிற சிக்னல் வயர்லெஸ்ஸா வெளிய வரும். வெளிய இருக்கிற டீகோடர் சாஃப்ட்வேர் அதை "கர்சரை வலது பக்கம் நகர்த்து"ன்னு மொழிபெயர்க்கும். அவ்வளவுதான். நம்ம மனசுல யாரைத் திட்டுறோம், யாரை சைட் அடிக்கிறோம்னு அது படிக்காது. இன்னைக்கு அதால முடியாது.

இது ஈலான் மஸ்க் கண்டுபிடிச்சதும் இல்ல. 2004-லயே அமெரிக்காவுல பிரெய்ன்கேட் ஆராய்ச்சியில மேத்யூ நேகல்னு கழுத்துக்குக் கீழ செயலிழந்த ஒருத்தர், மூளையில வச்ச எலக்ட்ரோடுகளால கம்ப்யூட்டர் கர்சரை நகர்த்திக் காட்டினார். அதுக்குப் பின்னாடி இருக்கிறது பல்கலைக்கழக லேப்களோட பல வருஷ உழைப்பும் நிறைய அரசாங்கப் பணமும். 2016-ல ஆரம்பிச்ச நியூராலிங்க் அதுல சேர்த்தது எலக்ட்ரோடு எண்ணிக்கை, வயர் இல்லாத வடிவமைப்பு, ரோபோ, அப்புறம் ஒரு பெரிய கோடீஸ்வரர்.

இப்ப மக்கள் பயத்துக்கு வருவோம். பியூ ஆராய்ச்சி மையம் அமெரிக்கர்கள்கிட்ட எடுத்த ஒரு சர்வே 2022-ல வெளியாச்சு. மூளைத் திறனைக் கூட்டுறதுக்காக பரவலா சிப் வைக்கிறது சமூகத்துக்குக் கெடுதல்னு சொன்னவங்க 56%. நல்லதுன்னு சொன்னவங்க 13% மட்டும்தான். தனக்கு வேணவே வேணாம்னு 78% பேர் சொன்னாங்க. இதோட நிறுத்தினா "பார்த்தியா, பயந்தாங்கொள்ளிங்க"ன்னு தோணும். ஆனா அதே சர்வேல இன்னொரு கேள்வி இருக்கு. செயலிழந்தவங்க உடம்பை அசைக்கிறதுக்கு இந்த சிப்பை உபயோகிக்கலாமான்னு கேட்டப்ப 77% பேர் ஆதரவு தெரிவிச்சாங்க. அதே மக்கள், அதே சிப். மூளையில கை வைக்கறதே பாவம்னு அவங்க சொல்லல. எதுக்காக வைக்கிறாங்கன்றதைப் பொறுத்து அவங்க பதில் மாறுது. இதை அறியாமைன்னு எப்படி சொல்றது?

எதுக்காகன்ற கேள்விக்கு மஸ்க் என்ன பதில் சொல்றார்? ரெண்டு பதில் சொல்றார். ஒரு மேடையில செயலிழந்தவங்க, பார்வையில்லாதவங்களுக்காகன்னு சொல்வார். இன்னொரு மேடையில மனுஷன் ஏ.ஐ.-யோட சேர்ந்து ஒண்ணாகணும், இல்லன்னா பின்தங்கிடுவான்னு சொல்வார். முதல் பதிலை வச்சு அனுமதி கிடைக்குது, ரெண்டாவது பதிலை வச்சு முதலீடு வருதுன்னு எனக்குத் தோணுது. 2025 ஜூன்ல மட்டும் 65 கோடி டாலர் திரட்டினாங்க. வீல்சேர்ல இருக்கிறவங்களோட மார்க்கெட்டை மட்டும் நம்பி இவ்வளவு பணம் வந்திருக்குமா?

மஸ்க் மட்டும் இல்ல. ரத்தக்குழாய் வழியா எலக்ட்ரோடை மூளைப் பக்கம் கொண்டுபோற சின்க்ரான் கம்பெனியில 2022-ல ஜெஃப் பெசோஸ், பில் கேட்ஸ் ரெண்டு பேரோட முதலீட்டு நிறுவனங்களும் பணம் போட்டிருக்கு. பணக்காரங்க பணம் போடுறதே தப்புன்னு நான் சொல்ல வரல. பல வருஷமா லேப்ல மண்டையிலிருந்து கேபிள் தொங்கிட்டு இருந்த ஒரு விஷயத்தை வீட்டுல உபயோகிக்கிற பொருளா மாத்த நிறையப் பணம் வேணும். அது எங்கிருந்தாவது வரணும்.

பிரச்சனை பணம் வந்ததுக்கு அப்புறம் நடக்கிற விதத்துல இருக்கு. 2024 ஜனவரியில முதல் மனுஷனுக்கு சிப் வச்ச செய்தி உலகத்துக்கு எப்படித் தெரிஞ்சது? மஸ்க் போட்ட ஒரு எக்ஸ் போஸ்ட்டால. கிளினிக்கல் ட்ரையல்களைப் பொதுவுல பதிவு பண்ற அமெரிக்க அரசாங்கத் தளத்துல அப்ப இந்த ட்ரையல் பதிவாகியே இல்லன்னு மருத்துவ அறநெறி பேசறவங்க கேள்வி கேட்டாங்க. முதல் நோயாளி நோலண்ட் ஆர்பா செஸ் விளையாடுற வீடியோ மார்ச்ல வந்துச்சு, எல்லாரும் ஷேர் பண்ணோம். அவர் மூளையில வச்ச இழைகள்ல பெரும்பகுதி வெளிய நகர்ந்துடுச்சுன்ற விஷயம் மே மாசம்தான் வெளிய வந்துச்சு. சுமார் 15% இழைகள்தான் ஒழுங்கா வேலை செஞ்சதுன்னு பத்திரிகைகள் எழுதுச்சு. அல்காரிதத்தை மாத்தி அந்த நஷ்டத்தை ஈடுகட்டினாங்க. என்ஜினியரா பார்த்தா அது நிஜமாவே அருமையான வேலை. ஆனா வெற்றி உடனே வீடியோவா வருது, தோல்வி மெதுவா கசியுது. அப்புறம் ஜனங்க எப்படி நம்புவாங்க?

மிருகங்கள் விஷயமும் இப்படித்தான். 2018-லிருந்து சுமார் 1,500 மிருகங்கள் இந்தச் சோதனைகள்ல கொல்லப்பட்டதா 2022 டிசம்பர்ல ராய்ட்டர்ஸ் எழுதுச்சு. எண்ணிக்கை அதிகம்ன்றதுக்காக மட்டும் அது சட்டமீறல் ஆகாது. அமெரிக்க வேளாண் துறை விசாரிச்சுட்டு, 2019-ல கம்பெனியே சொன்ன ஒரு சம்பவத்தைத் தவிர வேற விதிமீறல் இல்லன்னு சொல்லிடுச்சு. ஆனா அந்தச் செய்தியில என்னை உறுத்தினது வேற. வேகமா முடி, சீக்கிரம் முடின்னு மேல இருந்து வந்த அழுத்தத்தால தப்பு நடந்து, சில சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டி வந்ததுன்னு அங்க வேலை செஞ்சவங்களே சொல்லியிருந்தாங்க. டெட்லைன்ல கோடு எழுதினா பக் வரும்னு நமக்குத் தெரியாதா? நம்ம பக் ரிவ்யூல மார்க்கைத்தான் குறைக்கும்.

இப்ப என்னோட பெரிய கவலைக்கு வர்றேன். கம்பெனி இழுத்து மூடினா என்ன ஆகும்?

இது கற்பனை இல்ல, நடந்த கதை. செகண்ட் சைட்னு ஒரு அமெரிக்க கம்பெனி. ஆர்கஸ் 2-ன்ற அவங்க இம்ப்ளான்ட் கண்ணோட விழித்திரையில 60 எலக்ட்ரோடுகளை வச்சு, பார்வை இழந்தவங்களுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியற மாதிரி செஞ்சது. 2013-ல எஃப்.டி.ஏ அனுமதி கிடைச்சது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல வச்சுக்கிட்டாங்க. 2019-ல கம்பெனி அதைக் கைவிட்டுடுச்சு. 2020-ல பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிடுச்சு. நோயாளிகளோட கண்ணுக்குள்ள மட்டும் அந்த ஹார்டுவேர் அப்படியே இருந்துச்சு. ரிப்பேர் இல்ல, ஸ்பேர் இல்ல, அப்டேட் இல்ல. அதுல ஒருத்தருக்கு எம்.ஆர்.ஐ எடுக்கலாமான்னு டாக்டர்கள் கேட்டப்ப பதில் சொல்லக் கம்பெனியில ஆளே கிடைக்கல.

இதைப் படிச்சப்ப எனக்கு என் சித்தப்பா வீல்சேர் ஞாபகம் வந்துச்சு. பைக் ஆக்சிடென்ட்ல அவருக்கு தண்டுவடத்துல அடி. இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல, கை விரல்களும் பாதிதான் பேச்சைக் கேட்கும். கடன் வாங்கி ஒரு மோட்டார் வீல்சேர் வாங்கினோம். ரெண்டே வருஷத்துல கண்ட்ரோலர் போர்டு போச்சு. வித்த கம்பெனி கடையைக் காலி பண்ணியிருந்தது. சர்க்யூட் டயக்ராம் கிடையாது. போர்டுல இருந்த ஐ.சி. மேல நம்பரையே சுரண்டி அழிச்சிருந்தாங்க. நான் அதைத் தூக்கிக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்க அலைஞ்சேன். கடைசியில ஒரு கடைக்காரர் அண்ணன் பார்த்துட்டு, "தம்பி, இதை விடுங்க, மொத்தமா வேற கண்ட்ரோலர் போட்டுடலாம்"னார். போட்டோம், ஓடுது. அது வீல்சேர், அதனால கழட்டி மாத்த முடிஞ்சது. மண்டைக்குள்ள இருந்திருந்தா எந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போறது?

"பேஸ்மேக்கர் வைக்கிறோம், காது கேட்காத குழந்தைங்களுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கிறோம், அதுக்கெல்லாம் பயப்படலையே"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. நம்ம மாநிலத்துலயே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குழந்தைங்களுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கிறாங்க. ஆனா அதெல்லாம் பல பத்து வருஷமா, பல கம்பெனிகள் செஞ்சு, டாக்டர்களுக்குப் பழகின பொருள். இந்த மூளை சிப் வேற மாதிரி. சிக்னல் மாற மாற டீகோடரைத் திரும்பத் திரும்ப பழக்கணும், அதுக்கு சாஃப்ட்வேர் கம்பெனிகிட்ட இருக்கணும். அதாவது இது ஒரு தடவை வாங்குற பொருள் இல்ல, ஓனரோட மனசு மாறாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே ஓட்டுற ஒரு சர்வீஸ். ட்விட்டரை 2022-ல வாங்கினதும் ஊழியர்கள்ல பாதிப் பேரை அனுப்பினதும், ஆராய்ச்சியாளர்கள் நம்பியிருந்த இலவச ஏ.பி.ஐ.யை 2023-ல நிறுத்தினதும் யாருன்னு நமக்குத் தெரியும். ஏ.பி.ஐ. நின்னா ஒரு ஆராய்ச்சி நிக்கும். இது நின்னா ஒருத்தரோட கை நிக்கும்.

அப்ப தடை பண்ணிடலாமா? கூடாது. சித்தப்பாகிட்ட நான் ஆர்பா வீடியோவைக் காட்டினேன். முழுசாப் பார்த்துட்டு, "இது நம்ம ஊருக்கு எப்படா வரும்?"னு கேட்டார். கம்பெனி மூடினா என்ன ஆகும்னு நான் மேல எழுதினதை எல்லாம் சொன்னேன். "அதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கடா, நீங்கதானே படிக்கிறீங்க"ன்னார். இந்த சிப் வேணாம்னு சொல்ற உரிமை நல்லா நடமாடுற எனக்கு இல்ல. ஆனா என்ன நிபந்தனையில வரணும்னு கேட்கிற கடமை இருக்கு.

அப்படிக் கேட்டு வாங்கின இடமும் இருக்கு. சிலி நாடு 2021-ல மூளைச் செயல்பாட்டையும் அதுல இருந்து வர்ற தகவலையும் பாதுகாக்கணும்னு அரசியல் சாசனத்துலயே சேர்த்துச்சு. எமோடிவ் கம்பெனியோட தலையில மாட்டுற கருவி மேல ஒரு முன்னாள் செனட்டர் வழக்குப் போட்டார். அவரோட மூளை டேட்டாவை அழிக்கச் சொல்லி 2023-ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. அடுத்த வருஷமே அமெரிக்காவுல கொலராடோ, கலிஃபோர்னியா ரெண்டு மாநிலமும் மூளை டேட்டாவைத் தங்களோட தனியுரிமைச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துச்சு. "மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துடுவாங்களோ"ன்னு பயந்தவங்களாலதான் இது நடந்துச்சு. சிரிச்சவங்களால இல்ல.

என்னைக் கேட்டா மூணே நிபந்தனை. ஒண்ணு, இம்ப்ளான்ட் வைக்கிறதுக்கு முன்னாடியே, கம்பெனி மூடினாலும் பராமரிக்கவோ பத்திரமா எடுக்கவோ தேவையான பணத்தைத் தனியா கட்டி வைக்கணும். ரெண்டு, கம்பெனி கைவிட்டா டிசைனும் டீகோடர் கோடும் பொதுவுக்கு வந்துடணும், வேற யாராவது ரிப்பேர் பண்ண முடியணும். மூணு, ட்ரையல்ல நடக்கிற தோல்வியும் வெற்றி வர்ற அதே வேகத்துல வெளிய வரணும். இதுல எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. ராக்கெட் விடுறவங்களுக்கு இது பெரிய செலவும் இல்ல.

நம்ம பேட்ச்ல பயோமெடிக்கல், எம்பெடெட், ஏ.ஐ. பக்கம் போறவங்க நிறைய பேர் இருக்கீங்க. நியூராலிங்க் வேணாம், ஒரு சுகர் மானிட்டர் செய்யற கம்பெனியில சேருவீங்க. சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது முதல்ல ரிக்வயர்மென்ட் கேளுங்கன்னு மூணாவது செமஸ்டர்ல இருந்து சொல்லிக் கொடுக்கிறாங்க. மக்களோட பயம்தான் இந்த டெக்னாலஜிக்கு வந்திருக்கிற முதல் ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட். அது அழகான பாஷையில வரல, அவ்வளவுதான். கிளையன்ட் என்னைக்கு அழகான பாஷையில பேசியிருக்கார்? அடுத்த தடவை கேன்டீன்ல யாராவது "சிப்பை ஹேக் பண்ணிடுவாங்க"ன்னு சொன்னா சிரிக்காதீங்க. எழுதி வச்சுக்கோங்க.