ஓட்டை கண்ணுக்குத் தெரியணும்

"கிராமத்துக்குப் பிரயோஜனமா ஒரு ஆப் பண்ணலாம்னு இருக்கோம் சார், என்ன பண்ணலாம்?" சென்னை, பெங்களூரு பக்கமிருந்து மாதத்துக்கு ஒருத்தராவது இப்படிக் கேட்கிறார்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள்தான், அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் போனில் பதில் சொல்லி முடியவில்லை. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் "அந்தக் காலம் மாதிரி வருமா" கட்சி இல்லை. புதுசாக எந்த போன் வந்தாலும் ராத்திரி உட்கார்ந்து ரிவ்யூ பார்க்கிற ஆள். வாங்குவது என்னவோ நாலு வருஷத்துக்கு ஒன்றுதான், ஆனா பிராசசர் பேரெல்லாம் என் பையனைவிட எனக்குத்தான் மனப்பாடம். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு "விவசாயி, டெக்னாலஜின்னா பயப்படறார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

என் கட்சி இதுதான். ஒரு பொருள் கெட்டுப்போனால் எந்த இடத்தில் கெட்டது என்பது வைத்திருக்கிறவன் கண்ணுக்குத் தெரியணும். சரி பண்ணுகிற ஆள் சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கணும். இந்த இரண்டும் இல்லாத பொருள் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் அது நம்ம பொருள் இல்லை, காசு கொடுத்து வாடகைக்கு எடுத்த மாதிரிதான்.

இது எனக்குத் தோன்றியது கழனியில் இல்லை, தறி வீட்டில். எங்க ஊர் திருப்பருத்திக்குன்றம். வேகவதி ஆற்றைத் தாண்டினால் காஞ்சிபுரம். திரைலோக்கியநாதர் கோயில் சங்கீத மண்டபத்துக் கூரை ஓவியங்களைப் பார்க்க உங்களில் சிலர் வந்திருப்பீர்கள், ஜினகாஞ்சி என்று சொல்வார்கள். ஊர்ப் பேரில் பருத்தி, பக்கத்து டவுனில் பட்டு, நடுவில் நான் நெல் போட்டுக்கொண்டிருக்கிறேன். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் என்பதால் ஜக்கார்டு பெட்டியை வெகு நாள் ஏதோ பரண் சாமான் மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சரித்திரம் படித்த பிறகுதான் வாய் பிளந்தேன்.

பட்டணத்து நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தறிக்கு மேலே ஒரு பெட்டி, அதிலிருந்து கெட்டி அட்டைகள் ஒன்றோடொன்று கயிற்றால் கோத்து மாலை மாதிரி தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டைகள். நெசவாளி ஒரு மிதி மிதித்தால் ஒரு அட்டை வந்து ஊசிகளுக்கு நேராக நிற்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும், அதோடு சேர்ந்த கொக்கி நின்ற இடத்திலேயே நிற்கும், மேலே எழும்பும் சட்டம் அந்தக் கொக்கியையும் அதன் பாவு இழைகளையும் தூக்கிக்கொண்டு போகும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி விலகிவிடும், இழை கீழேயே கிடக்கும். தூக்கின இழைக்கும் தூக்காத இழைக்கும் நடுவில் நாடா ஓடும். அவ்வளவுதான். இப்படி அட்டை அட்டையாக ஓடி முடியும்போது முந்தியில் ஒரு மயில் உட்கார்ந்திருக்கும்.

ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. ஒன்று, பூஜ்யம். பிரான்ஸில் லியோன் என்ற பட்டு ஊரில் ஜோசப் மரி ஜக்கார்டு இதை முழுமையான வடிவத்துக்குக் கொண்டுவந்தது 1804-ல். அவருக்கு முன்னாடியே 1720-களில் அதே ஊரில் பூஷோன், ஃபால்கோன் என்று இரண்டு பேர் ஓட்டை போட்ட காகிதத்தையும் அட்டையையும் வைத்து முயற்சி செய்திருக்கிறார்கள். 1839-ல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்குப் பிடித்த அட்டை சுமார் 24,000. அந்தப் பட்டுப் படம் ஒன்றை சார்லஸ் பாபேஜ் வைத்திருந்தார். தான் கட்ட நினைத்த கணக்கு எந்திரத்துக்கு இதே மாதிரி அட்டைகளில்தான் கட்டளை கொடுப்பதாக அவர் திட்டம். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டையை வைத்து எண்ணி முடித்தார். அவர் ஆரம்பித்த கம்பெனிதான் வேறு சிலதோடு சேர்ந்து பின்னாளில் ஐபிஎம் ஆனது. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருவதற்கு முன்னால் நூலால் அடை கட்டித்தான் டிசைன் போட்டார்கள். அதுவும் ஒருவகை புரோகிராம்தான், அட்டைக்குப் பதில் முடிச்சு.

சரித்திரம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறு. புட்டாவில் ஒரு இடத்தில் இழை பிசகுகிறது என்று வையுங்கள். நெசவாளி துணியைப் பார்ப்பார், எத்தனையாவது ஊடையில் பிசகியது என்று எண்ணுவார், அந்த அட்டைக்குப் போவார். ஓட்டை விட்டுப்போயிருந்தால் குத்திவிடுவார். தப்பான இடத்தில் ஓட்டை இருந்தால் காகிதம் ஒட்டி அடைப்பார். கோத்த கயிறு அறுந்திருந்தால் அதைக் கோத்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து வீட்டு அண்ணா இதைச் செய்யும்போது வெற்றிலையைக்கூடத் துப்புவதில்லை. 'பக்' என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதைக் கையால் தொட்டு, கோந்து வைத்து ஒட்டுகிறார் மனுஷன். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி.

இப்போது என் மோட்டார் கதைக்கு வருகிறேன்.

போர் வீட்டிலிருந்து சுமார் இருநூறு மீட்டர் தள்ளி. ராத்திரி மும்முனை கரண்ட் வரும்போது வரப்பு மேலே டார்ச் அடித்துக்கொண்டு போகணும். பாம்பு உண்டு, சேறு உண்டு, தூக்கம் போச்சு. அதனால் செல்போனிலிருந்தே மோட்டார் போடுகிற ஸ்டார்ட்டர் வந்தபோது முதல் ஆளாக மாட்டினேன். இன்றும் சொல்கிறேன், கிராமத்துக்கு வந்த கேட்ஜெட்களில் அதைவிடப் பிரயோஜனமானது குறைவு. இரண்டு வருஷம் ராஜா மாதிரி ஓடியது. கட்டிலில் படுத்தபடியே மோட்டாரைப் போடலாம், கரண்ட் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது, ஒரு பேஸ் போய்விட்டதா, எல்லாம் போனில் தெரியும்.

ஒரு நவரைப் பட்டம், கோ 51 போட்டிருந்தேன், கதிர் பால் பிடிக்கிற நேரம். ஆப் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மோட்டாரில் கோளாறு இல்லை, கரண்டும் இருக்கிறது, சிம்மில் காசும் இருக்கிறது. கம்பெனிக்கு போன் போட்டால், "சார், சர்வர் மாத்திட்டோம், உங்க போர்டு பழைய மாடல், புதுசு வாங்கிக்கங்க" என்கிறார்கள். அதாவது நான் வீட்டிலிருந்து தட்டினால், அந்தத் தகவல் எங்கேயோ ஒரு ஊருக்குப் போய், அங்கே ஒரு கம்ப்யூட்டர் அனுமதி கொடுத்து, திரும்ப இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும் என் மோட்டாருக்கு வருமாம். இத்தனை நாள் இது எனக்குத் தெரியவே வழியில்லை. போர்டு முழுக்கக் கறுப்பு எபாக்ஸி ஊற்றி மூடியிருந்தது. ஆப்பில் ஒரு சக்கரம் சுற்றுகிறது, அது ஏன் சுற்றுகிறது என்று உலகத்தில் யாராவது ஒருத்தருக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இல்லை.

காஞ்சிபுரத்தில் காயில் கட்டுகிற மெக்கானிக் ஒருத்தர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். போர்டைப் பார்த்தார். "இதுல கை வெக்க எடமே இல்லியேண்ணா" என்றார். பத்து நிமிஷத்தில் அதைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டுப் பழைய ஆயில் ஸ்டார்ட்டரில் நேராக இணைத்துக் கொடுத்தார். ஆனா அவருக்குக் கல்யாண சீசன், வந்து சேரவே அஞ்சு நாள் ஆகிவிட்டது. மேட்டுக் கழனி ஓரத்தில் கதிரெல்லாம் பாதிக்குப் பாதி பதர்.

சர்வரே இல்லாத வகையும் இருக்கிறது. மிஸ்டு கால் கொடுத்தால் ஆன் ஆகும், மறுபடி கொடுத்தால் ஆஃப். அழகாக எதுவும் காட்டாது. ஆனா எங்க ஏரியாவில் அதுதான் தாக்குப்பிடிக்கிறது. அதிலும் ஒரு சிக்கல்: பழசெல்லாம் 2ஜி மோடம், ஜியோ ஆரம்பத்திலிருந்தே 4ஜி என்பதால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. ஆனாலும் ஏன் வேலை செய்யவில்லை என்று நாலு பேரைக் கேட்டால் நாலாவது ஆளுக்காவது தெரிகிறது.

இது ஏதோ நம்ம ஊர்ப் புலம்பல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கிறவனும் இதைத்தான் புலம்புகிறான். ஜான் டீர் டிராக்டரில் சென்சார் ஒன்று பிழை காட்டினால், டீலரிடம் இருக்கும் சாஃப்ட்வேர் இல்லாமல் பல ரிப்பேர்களை முடிக்க முடியவில்லை என்று அங்கே வருஷக்கணக்காகச் சண்டை. உக்ரைனில் உடைத்த சாஃப்ட்வேரை நெட்டில் தேடிப் பிடித்துத் தன் சொந்த டிராக்டரில் ஏற்றுகிற விவசாயிகளைப் பற்றி 2017-ல் செய்தி வந்தது. 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைச் சொந்தக்காரரே பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையமே அந்தக் கம்பெனி மேல் வழக்குத் தொடுத்தது. அவ்வளவு பெரிய டிராக்டர் வைத்திருக்கிறவன் கையும் என் கையும் ஒரே மாதிரிதான் கட்டிக்கிடக்கின்றன.

நம்ம நாட்டிலும் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாமான், வண்டி என்று நாலு துறை. நல்ல ஆரம்பம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா எக்ஸெல்லில் வருகிற எங்க மெக்கானிக்குக்கு வேண்டியது சர்வீஸ் சென்டர் நம்பர் இல்லை. போர்டின் சர்க்யூட் படம், தனியாக ஒரு ரிலே வாங்கக் கிடைக்கிற கடை, அவ்வளவுதான்.

இலையை போட்டோ எடுத்தால் நோய் சொல்கிற ஆப்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நானும் வைத்திருக்கிறேன், சில நேரம் சரியாகவே சொல்லும். ஆனா நெல்லில் புகையான் இருக்கிறதே, அது தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். மேலே இலை பச்சையாகவே இருக்கும். வட்ட வட்டமாகக் காய்ந்து போட்டோவில் தெரிகிற நேரத்தில் பாதி காரியம் முடிந்திருக்கும். குனிந்து தூரை விலக்கிப் பார்க்கணும். ஆப் குனியாது.

அதைவிட நான் மதிக்கிற ஒரு 'கேட்ஜெட்' இலை வண்ண அட்டை. பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாகப் பச்சை நிறங்கள், வெளிறிய பச்சையில் ஆரம்பித்துக் கரும்பச்சை வரை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது, நம்ம வேளாண் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. நட்ட பதினாலாம் நாளிலிருந்து பூக்கிற வரை வாரத்துக்கு ஒரு தரம், பத்துச் செடியில் முழுசாக விரிந்த இளம் இலையை நம்ம உடம்பு நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிடணும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. ஆறு இலையாவது அதைவிட வெளுத்திருந்தால் யூரியா போடு, இல்லையென்றால் மூட்டையைக் கட்டி வை. பேட்டரி இல்லை, ஓடிபி இல்லை. யூரியா அதிகமானால்தான் புகையானுக்குக் கொண்டாட்டம் என்பதால், இந்த அட்டை ஒருவகையில் அந்த ஆப்புக்கு வேலையைக் குறைக்கிறது. அட்டை தப்பா, கண் தப்பா என்று சந்தேகம் வந்தால் பக்கத்துக் கழனிக்காரரைக் கூப்பிட்டு "நீ பாருப்பா" என்று சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கணும் என்று நான் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் ஜரிகையைச் சோதிக்க எக்ஸ்ரே மெஷின் இருக்கிறது. எக்ஸ்ரே பட்டதும் தங்கம், வெள்ளி, செம்பு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு அளவில் பதில் எக்ஸ்ரே விடும், அதை வைத்து எது எத்தனை சதவீதம் என்று சில நிமிஷத்தில் சொல்லிவிடும். புடவைக்குச் சேதாரமில்லை. அதை நெசவாளி திறந்து பார்க்க முடியாதுதான். ஆனா அது கெட்டுப்போனால் அவர் தறி நிற்காது. என் ஸ்டார்ட்டர் கெட்டுப்போனால் என் பயிர் நிற்கிறது. இந்த வித்தியாசத்தைத்தான் ஆப் பண்ணுகிற பிள்ளைகள் யோசிக்கணும்.

இப்போது தறிக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கிறது. அட்டையே வேண்டாம், பென்டிரைவில் டிசைன். அட்டைச் செலவு மிச்சம், டிசைன் மாற்றுவது சுலபம். காற்றழுத்தத்தில் பாவைத் தூக்கிக்கொடுக்கிற எந்திரம் சேர்ந்தால் மிதித்து மிதித்து முட்டி போன நெசவாளிக்கு அது வரம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, என் முட்டி நல்லாத்தான் இருக்கிறது. ஆனா பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கேட்டேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "பாதிச் சேலையில நின்னுப்போச்சுன்னா யாரைக் கூப்பிடறது?" விற்க வந்தவரிடமும் இதையே கேட்டாராம். டோல் ஃப்ரீ நம்பர் கொடுத்தாராம்.

எனவே தம்பிகளா, தங்கைகளா, ஆப் பண்ணுங்க, மெஷின் பண்ணுங்க, நிச்சயம் வாங்குவோம். நெட் இல்லாவிட்டாலும் ஓடுகிற மாதிரி ஒரு பழைய பொத்தானை விட்டு வையுங்க. உங்க சர்வரை மூடுகிற நாளில் எங்க மோட்டாரும் மூடிக்கொள்ளாதபடி செய்யுங்க. என் ஆயில் ஸ்டார்ட்டர் மூடிக்கு உள்பக்கம் ஒயரிங் படம் ஒன்று ஒட்டியிருக்கிறது, எண்ணெய்க் கறை படிந்து பாதிதான் தெரிகிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் அன்றைக்கு மெக்கானிக் இணைத்தார். அதே மாதிரி ஒன்று ஒட்டிக் கொடுங்க, தமிழ்ல.

அந்தக் கறுப்பு போர்டு இன்னும் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் யாராவது கோயில் பார்க்க இந்தப் பக்கம் வந்தால் ஒரு எட்டு வந்து பாருங்கள். எபாக்ஸியை எப்படிப் பெயர்ப்பது என்று தெரிந்தால் இன்னும் நல்லது. மோர் உண்டு.