பட்டர்பியரில் சரக்கு இருக்கு, ஒத்துக்கோங்க!

ஹாரி பாட்டர் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. "பட்டர்பியர்ல ஆல்கஹால் எல்லாம் கிடையாதுப்பா. பதிமூணு வயசுப் பசங்க குடிக்கிறாங்க, குழந்தைங்க புக்ல அப்படி எழுதுவாங்களா?" இதுதான் எதிரணியின் பிரம்மாஸ்திரம். கூடவே ஒரு துணை ஆதாரம்: ஆர்லாண்டோ யுனிவர்சலில் 2010-ல் திறந்த ஹாரி பாட்டர் பார்க்கில் விற்கிற பட்டர்பியரில் ஆல்கஹால் இல்லையாம்.

அட, அது குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு விற்கிற கூல்டிரிங்க்ஸ்! அதை வைத்துக் கதையை முடிவு பண்ணுவது, ஷூட்டிங்கில் ஹீரோ குடித்தது கலர் தண்ணி, அதனால் தேவதாஸ் குடிகாரனே இல்லை என்று சொல்கிற மாதிரி. சின்னப்புள்ளத்தனமா இல்ல? :-)

புத்தகத்துக்கு வருவோம். நாலாவது பாகம், 2000-ல் வந்தது. வேலையை விட்டுத் துரத்தப்பட்ட விங்கி, ஹாக்வார்ட்ஸ் சமையலறையில் அழுக்குத் துணியோடு, பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு ஆறு பாட்டில் பட்டர்பியர் குடிக்கிறாள் என்று டாபி சொல்கிறான். அது அவ்வளவு ஸ்ட்ராங் இல்லையே என்கிறான் ஹாரி. ஒரு வீட்டு எல்ஃபுக்கு அது ஸ்ட்ராங்தான் ஐயா என்கிறான் டாபி.

இங்கேதான் கவனிக்கணும். "அதுல ஆல்கஹாலே இல்லையே" என்று ஹாரி ஆச்சரியப்படவில்லை. ஸ்ட்ராங் இல்லை என்றுதான் சொல்கிறான். மோரைப் பார்த்து யாராவது "இது அவ்வளவு ஸ்ட்ராங் இல்லை" என்பார்களா?

"நாய்க்கு சாக்லேட் ஆகாதே, அது மாதிரி எல்ஃபுக்கு மட்டும் ஒத்துக்காத வேறு ஏதோ பொருள்" என்று ஒரு சமாளிப்பு வரும். சாக்லேட் தின்ற நாய்க்கு உடம்புக்கு முடியாமல் போகும். விங்கியோ விக்கல் எடுத்து, உளறி, அழுது, அப்படியே சரிந்து தூங்கிப் போகிறாள். இதற்குப் பெயர் போதைதான்.

அப்புறம் பசங்களுக்கு எப்படிக் கொடுக்கிறார்கள்? அளவு கம்மி, அவ்வளவுதான். ஐந்தாம் பாகத்தில் (2003) ஹாக்ஸ் ஹெட் கடையில் ரான் ஃபயர்விஸ்கிக்கு ஆசைப்பட்டதும், நீ ஒரு ப்ரீஃபெக்ட் என்று ஹெர்மயனி சீறுகிறாள். ஆனால் பட்டர்பியரை அவளே குடிக்கிறாள். அந்த உலகத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று புரிகிறதா? நிஜ இங்கிலாந்திலும் 16 வயசுப் பையன் பெரியவர்கள் துணையோடு, சாப்பாட்டோடு, பப்பில் பியர் குடிக்கச் சட்டம் விடுகிறது. 16-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, ஜாதிக்காய் எல்லாம் போட்டு நிஜ பியரைக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள்.

இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு ஆவேசம் என்று கேட்பீர்கள். விங்கிக்காகத்தான். வேலை போன துக்கத்தில் குடித்துக் குடித்து அழிகிறாள் அவள். அங்கே இருக்கும் மற்ற எல்ஃபுகள் வெட்கப்பட்டு அவள் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி மறைக்கிறார்கள். பட்டர்பியர் வெறும் ஜூஸ் என்றால் அந்தக் காட்சி வெறும் காமெடி. குழந்தைகள் புத்தகத்தில் ஒரு குடிநோயாளியை ரௌலிங் துணிந்து காட்டியிருக்கிறார். நாமும் அந்த எல்ஃபுகள் மாதிரி துணி போட்டு மூட வேண்டாமே.