தமிழ்த் திரைப்படங்களில் மறைபொருளாகும் பாலின அடையாளமும் பாலீர்ப்பும்

முன்னுரை

ஒருவர் தம்மை எப்பாலினராக உணர்கிறார் என்பது பாலின அடையாளம். எவரை விரும்புகிறார் என்பது பாலீர்ப்பு. இவ்விரண்டையும் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் ஒன்றாகவே குழப்பியது. மறைத்துவைத்து வெளிப்படுத்தும் கதைத்திருப்பமாகவும் கையாண்டது. இப்பாத்திரங்கள் பரிவுடன் காட்டப்படுகின்றனவா என்று கேட்பதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. மறைப்பு யாருக்காக நிகழ்கிறது என்பதே முதன்மையான வினா என இக்கட்டுரை கருதுகிறது.

இலக்கண மரபு

தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மை திரிந்தோரை உயர்திணைக்குள்ளேயே வைக்கிறது. ஆயினும் அவர்களுக்கெனத் தனிப் பாலீறு இல்லை என்கிறது. நன்னூலோ பேடு என்பாரின் பாலை அவர்தம் விழைவைக் கொண்டு வரையறுக்கிறது. ஆணாக விழைவோர் ஆண்பாலாகவும் பெண்ணாக விழைவோர் பெண்பாலாகவும் கொள்ளப்படுவர். தன் பாலினத்தைத் தானே வரையறுக்கும் உரிமையை உச்சநீதிமன்றம் 2014இல் நால்சா வழக்கில் ஏற்றதை நோக்க, இவ்விதியின் சிறப்பு விளங்கும். எனினும் அதே நூற்பா அவர்களை அஃறிணை போலக் கொள்ளவும் இடந்தருகிறது. ஏற்பும் விலக்கும் அருகருகே நிற்கும் இந்நிலை திரைப்படத்திலும் தொடர்கிறது.

கதைக்கான மறைப்பு

‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் இரு கொலையாளிகளுக்கிடையிலான ஈர்ப்பு இகழ்ச்சிக் குறிப்பாக மட்டுமே வருகிறது. அவ்வுறவுக்கென ஓர் அகவாழ்வு இல்லை. கொடுமைக்கு விளக்கமாகவே அது பயன்படுகிறது. ‘காஞ்சனா’ (2011) திருநங்கைப் பாத்திரத்திற்குப் பெருமிதம் தந்தது உண்மை. ஆனால் அவள் கொல்லப்பட்டு ஆவியான பின்னரே நீதி கேட்க முடிகிறது. ‘பாவக் கதைகள்’ தொகுப்பின் ‘தங்கம்’ (2020) கதையிலும் சத்தாரின் அன்பை ஊர் உணர்வதற்கு அவள் இறக்க வேண்டியிருக்கிறது. உயிரோடிருக்கையில் கிட்டாத மதிப்பு இறப்பின்பின் இரக்கமாக வழங்கப்படுவதை முன்னேற்றம் என எளிதில் கூறிவிட இயலாது.

வாழ்வின் மறைப்பு

‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) இதிலிருந்து வேறுபடுகிறது. பல்லாண்டுகளுக்குப்பின் வீடு திரும்பும் சில்பா சேலையுடுத்தியே வருகிறாள். அவள் அடையாளம் இறுதிவரை காத்துவைக்கப்படும் மர்மமன்று. அதனை உறவினரும் காவல்துறையும் எதிர்கொள்ளும் விதமே கதையாகிறது. ‘காதல் என்பது பொதுவுடைமை’ (2025) பெண்ணொருத்தி தன் காதலியைப் பற்றித் தாயிடம் கூறுவதை மையமாக்கியது. முற்போக்குக் கருத்துடைய தாயும் தன் வீட்டில் தடுமாறுகிறாள். இவற்றில் மறைப்பு, பார்வையாளரை வியக்கவைக்கும் உத்தியன்று, அச்சத்தின் விளைவு. அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்பதை இப்படங்கள் காட்டுகின்றன.

எனினும் சில்பாவாக நடித்தவர் விஜய் சேதுபதி. சத்தாராக நடித்தவர் காளிதாஸ் ஜெயராம். ‘நர்த்தகி’ (2011) படத்தில் கல்கி சுப்பிரமணியமும், ‘பேரன்பு’ (2019) படத்தில் அஞ்சலி அமீரும் நடித்த பின்னரும் திருநங்கையர் தம் வாழ்வைத் தாமே நடிக்கும் வாய்ப்பு அரிதாகவே உள்ளது. பாத்திரம் வெளிப்படையாகத் தோன்ற, அதனை வாழ்ந்தவர் திரைக்குப் பின்னால் நிற்பதும் ஒருவகை மறைப்பே.

முடிவுரை

சென்னை உயர்நீதிமன்ற வழக்கொன்றையொட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் பாலினச் சிறுபான்மையரைக் குறிக்கும் சொற்களை அரசிதழில் வெளியிட்டது. கடப்பாக்கம் போன்ற கடலோரச் சிற்றூர்களிலிருந்து ஆய்வுக்கு வரும் எம் போன்றோர்க்கு இப்பொருள் பற்றிய சொற்கள் வகுப்பறைக்கு முன்னரே திரையரங்கில் கிடைத்தன. அவை பெரும்பாலும் ஏளனச் சொற்களே. ஆகவே தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணிகள் இரண்டு. முதலாவது, பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் வேறுபடுத்தி, உரிய சொற்களால் ஆய்வேடுகளை எழுதுதல். இரண்டாவது, திரைப்பட உரையாடல்களில் இம்மாந்தரைச் சுட்டும் பெயர்களையும் வினைமுற்றுகளையும் தொகுத்து, அவை உயர்திணையில் அமைகின்றனவா, அஃறிணையில் அமைகின்றனவா என ஆராய்தல். பரிவு காட்டுவதாகக் கூறும் ஒரு படம் தன் மாந்தரை ‘அவள்’ என்கிறதா, ‘அது’ என்கிறதா என்பதைக் கண்டறிய இலக்கணம் பயின்றோரைவிடத் தகுதியுடையோர் இலர்.